கைத்தூய்மையும் பணியாளர் மனமும்

சுத்தம் சோறு போடும் என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. உண்ணுமுன்னும் உண்டபின்னும் கை கழுவுதல் சிறு பிள்ளைக்கும் கற்பிக்கப்படும் ஒழுக்கமாகும். ஆகவே கைகளைத் தூய்மையாக வைத்திருத்தல் நன்று என்பதை நிறுவிக் காட்டப் பெருமுயற்சி வேண்டியதில்லை. அவ்வாறிருந்தும், நோயாளரைப் பேணும் வைத்தியசாலைகளிலும், பலருக்கு உணவு சமைக்கும் இடங்களிலும், மக்கள் நெருங்கித் தொழில்புரியும் பிற இடங்களிலும் கை கழுவவேண்டிய வேளையிற் கழுவாது விடுவோர் பலராகவே காணப்படுகின்றனர். அறியாமையே இதற்குக் காரணம் என்று கூறிவிடல் எளிது. ஆனால் வைத்தியக் கலையைப் பல்லாண்டு கற்றோரும் இத்தவற்றுக்கு ஆளாகின்றமையால் அவ்விடை நிறைவானதன்று. அறிந்த ஒன்றை மனிதன் ஏன் செய்யாது விடுகின்றான்? அதனைச் செய்யும்படி தன் பணியாளரை ஒரு நிறுவனம் எவ்வாறு ஊக்கலாம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவோர்க்கு ஐரோப்பாவிலுள்ள இரு வைத்தியசாலைகளின் வரலாறு பெரிதும் துணைசெய்யும். ஒன்று வியன்னா நகரிலுள்ளது, மற்றது ஜெனீவாவிலுள்ளது. முன்னதன் வரலாறு 1847 ஆம் ஆண்டையும், பின்னதன் வரலாறு 1994 ஆம் ஆண்டையும் அடுத்து நிகழ்ந்தது.

அவ்வரலாற்றினுட் புகுமுன் கையின் இயல்பைச் சிறிது நோக்குதல் தகும். மனிதனின் தோலில் இருவகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஒருவகையின தோலின் உட்படைகளிலும் நுண்டுளைகளிலும் நிலையாகக் குடியிருப்பவை. இவை பெரும்பாலும் தீங்கற்றவை. மற்றை வகையின நோயாளர் உடலையோ, மலசலத்தையோ, பச்சை இறைச்சியையோ, பலர் தொட்ட கதவுப்பிடியையோ தொடுங்கால் தோலின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்பவை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நோயைக் கொண்டு செல்பவை பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையினவே. வந்து ஒட்டியவையாதலின் இவற்றை அகற்றுதலும் எளிது. சவர்க்காரத்தின் மூலக்கூறொன்றின் ஒரு முனை நீரை நாடுவது. மறுமுனை நெய்ப்பொருளை நாடுவது. இவ்வியல்பினால் அது தோலிலுள்ள எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் பற்றி நீரோடு கலக்கச் செய்கின்றது. அவற்றோடு நுண்ணுயிர்களும் ஓடும் நீரிற் சென்றொழிகின்றன. மதுசாரமோ நுண்ணுயிர்களின் புரதங்களைச் சிதைத்து அவற்றைக் கொல்கின்றது. ஆகவே கைத்தூய்மைக்கு அரிய மருந்தோ பெரும்பொருளோ வேண்டியதில்லை. எளிய சவர்க்காரமும் நீரும் சிறிது நேரமுமே போதியன. இவ்வளவு எளிய செயல் ஏன் அரிதாயிற்று என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வியன்னா நகரப் பொது வைத்தியசாலையிலே பிள்ளைப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. 1840 ஆம் ஆண்டின் அரசாணைப்படி முதலாம் பிரிவு வைத்திய மாணவர் பயிற்சிக்கும், இரண்டாம் பிரிவு மருத்துவிச்சிகள் பயிற்சிக்கும் ஒதுக்கப்பட்டன. ஏழைப் பெண்களே பெரும்பாலும் அங்குச் சென்றனர். வந்த நாளைப் பொறுத்து அவர்கள் ஏதேனுமொரு பிரிவிற் சேர்க்கப்பட்டனர். 1846 ஆம் ஆண்டில் முதலாம் பிரிவிலே 4,010 பேறுகள் நிகழ்ந்தன. 459 தாய்மார் இறந்தனர். அதே ஆண்டில் இரண்டாம் பிரிவிலே 3,754 பேறுகள் நிகழ்ந்தன. இறந்தோர் 105 பேர். அஃதாவது முன்னதில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேலும், பின்னதில் நூற்றுக்கு மூவருக்குக் குறைவாகவும் மாண்டனர். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் பிரசவக் காய்ச்சல் என்னும் கொடிய நோயே. நகரப் பெண்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். முதலாம் பிரிவிற் சேர்க்கவேண்டாம் என மண்டியிட்டு இரந்தோரும் உளர். வழியிலே பிள்ளை பெற்றுப் பின்னர் வைத்தியசாலைக்கு வந்தோர்கூட முதலாம் பிரிவின் உள்ளே பெற்றோரிலும் நலமாகவே இருந்தனர்.

அப்பிரிவில் பேராசிரியர் யோகான் கிளைன் என்பவரின் கீழ் 1846 இல் துணைவராய் அமர்ந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளைஞர். 1818 இல் ஹங்கேரி நாட்டின் பூடா நகரிற் பிறந்த அவர்க்கு அக்காலை வயது இருபத்தெட்டு. காற்றிற் கலந்த நச்சே இந்நோய்க்குக் காரணம் என அன்றைய அறிஞர் பலர் கருதினர். ஒரே கூரையின் கீழ், ஒரே காற்றைச் சுவாசிக்கும் இரு பிரிவுகளில் ஒன்றை மாத்திரம் அந்நச்சுத் தாக்குவது எங்ஙனம் என அவர் வினவினார். நெருக்கடியே காரணமெனின், பெண்கள் அஞ்சி நாடிய இரண்டாம் பிரிவிலன்றோ நெருக்கடி மிகுந்திருந்தது? மரணத் தறுவாயிலுள்ளோர்க்கு இறுதிச் சடங்கு செய்யவரும் குருவானவரின் மணியோசை கேட்டு ஏற்பட்ட அச்சமோ எனவும் ஐயுற்றனர். மணியோசையை நிறுத்தியும் பயன் விளையவில்லை. பிள்ளைப்பேற்றின்போது பெண்ணைக் கிடத்தும் முறையை மாற்றியும் பார்த்தனர்; இறப்புக் குறையவில்லை. இவ்வாறு ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து ஆராய்ந்து தள்ளிய அவர் திறன் அறிவியல் நெறிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1847 மார்ச் மாதத்தில் உண்மைக்கு வழி ஒரு நண்பரின் மரணத்தினாற் பிறந்தது. சட்ட வைத்தியப் பேராசிரியராகிய யாக்கோப் கொலெச்கா பிரேத பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலிற் பட்டது. அப்புண்ணினால் நோயுற்று அவர் இறந்தார். அவர் உடலிற் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார் உடல்களிற் கண்ட மாற்றங்களையே ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு ஐயம் தீர்ந்தது. பிணத்திலிருந்த ஏதோவொரு பொருள் கத்தியின் வழியாக நண்பரின் குருதியிற் கலந்தது. அதே பொருள் கைகளின் வழியாகத் தாய்மார் உடலிலும் புகுகின்றது. முதலாம் பிரிவின் வைத்தியரும் மாணவரும் காலையிற் பிணங்களை அறுத்து ஆராய்ந்துவிட்டு, அக்கைகளுடனேயே பிள்ளைப்பேற்று அறைக்கு வந்தனர். மருத்துவிச்சிகளோ பிணவறைக்குச் செல்வதில்லை. வேறுபாட்டின் காரணம் இதுவே. அவ்வைத்தியர் சவர்க்காரமிட்டுக் கழுவாதவர் அல்லர். ஆயினும் கழுவிய பின்னரும் கைகளிற் பிணவாடை நீங்காதிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1847 மே மாதத்தின் நடுப்பகுதியில், பிள்ளைப்பேற்று அறைக்குட் புகுவோர் யாவரும் குளோரீன் கரைசலிற் கைகளைத் தேய்த்துக் கழுவவேண்டும் என அவர் விதித்தார். பின்னர்ச் செலவு குறைந்ததாகிய வெளிற்றுந்தூட் கரைசல் வழங்கப்பட்டது. ஏப்பிரல் மாதத்தில் 18 வீதமாக இருந்த இறப்பு, யூன் மாதத்தில் ஏறக்குறைய 2 வீதமாக வீழ்ந்தது. யூலை மாதத்தில் 250 பேறுகளில் மூவரே இறந்தனர். 1848 ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 பேறுகளில் இறந்தோர் 45 பேர்; அவ்வாண்டின் மார்ச் மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் ஒருவரும் இறந்திலர். கட்டிடம் மாறவில்லை, வைத்திய முறை மாறவில்லை, பேராசிரியரும் மாறவில்லை. வாயிலில் ஒரு பாத்திரமும் அதனுட் கரைசலுமே புதியன.

எனினும் இடையில் ஒரு தடை நேர்ந்தது. 1847 ஒக்டோபரில், கருப்பையிற் புற்றுநோயால் நிணம் வடிந்துகொண்டிருந்த பெண்ணொருத்தி முதற்கட்டிலிற் சேர்க்கப்பட்டாள். வைத்தியர் அறைக்குள் நுழையுமுன் கழுவிய கைகளாலே அவளை முதலிற் பரிசோதித்து, பின்னர் அடுத்தடுத்த கட்டில்களிலிருந்தோரையும் பரிசோதித்தனர். அவளோடு உடனிருந்த பன்னிருவரிற் பதினொருவர் மாண்டனர். பிணம் மாத்திரமன்று, உயிருள்ள உடலும் நஞ்சுக்கு உறைவிடமாகலாம். வாயிலில் ஒருமுறை கழுவுதல் போதாது, ஒரு நோயாளரிடமிருந்து மற்றொருவரிடம் செல்லுமுன்னும் கழுவவேண்டும் என்பது அதனாற் புலனாயிற்று. பின்னாளில் ஜெனீவாவில் எழுந்த இடர்ப்பாட்டின் வித்து இங்கேயே உள்ளது. ஒருமுறை கழுவுதல் எளிது. ஒவ்வொரு முறையும் கழுவுதல் அரிது.

இத்துணைத் தெளிவான சான்று கிடைத்தபின் ஐரோப்பாவின் வைத்தியசாலைகள் யாவும் இம்முறையை உடனே கைக்கொண்டிருக்கும் என எதிர்பார்த்தல் இயல்பே. நிகழ்ந்ததோ மறுதலை. 1849 இல் அவருடைய பதவிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. 1850 இல் அவர் வியன்னாவை விட்டுப் பெஸ்ட் நகருக்குச் சென்றார். அங்குச் சென் றோக்கஸ் வைத்தியசாலையில் தாய்மார் இறப்பை நூற்றுக்கு ஒன்றிலும் குறைத்தார். ஆயினும் 1865 ஓகஸ்ட் மாதத்தில், நாற்பத்தேழாம் வயதில், வியன்னாவிலுள்ள ஒரு மனநோய் விடுதியில் அவர் இறந்தபோது அவர் கொள்கையை ஏற்றோர் சிலரே. இத்தோல்விக்குரிய காரணங்களை ஆராய்தல் இன்றைய நிறுவனங்களுக்கும் பயன் தருவதாகும்.

முதலாவது, அக்கொள்கை கேட்போரைக் கொலைக்குற்றத்துக்கு ஆளாக்கிற்று. தாயைக் காக்கவந்த கையே தாயைக் கொன்றது என்பதை எந்த வைத்தியன் எளிதில் ஏற்பான்? செம்மல்வைஸுக்கு முன்னரே, 1843 இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்னும் வைத்திய அறிஞர் இந்நோய் வைத்தியர் வாயிலாகப் பரவுகின்றது என எழுதினார். பிலடெல்பியாவின் பேராசிரியர் சார்ள்ஸ் மெய்க்ஸ் அதனை மறுத்தார். வைத்தியர் கனவான்கள், கனவான்களின் கைகள் தூயன என்பது அவர் கருத்து. அழுக்கென்பது இழிந்தோர்க்கே உரியது எனக் கருதுவோர்க்குக் ‘கை கழுவுக’ என்னும் சொல் அறிவுரையாகத் தோன்றுவதில்லை, வசையாகவே தோன்றும். கொள்கையை ஏற்றோர் நிலையும் இரங்கத்தக்கது. கீல் நகரப் பேராசிரியர் குஸ்தாவ் மிக்கேலிஸ் தம் கையினாலேயே தம் உறவினளாகிய பெண் இறந்தாள் என உணர்ந்து, துயர் தாங்காது 1848 இல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இரண்டாவது, செம்மல்வைஸ் காரியத்தைச் செய்வித்தாரேயன்றி, செய்வோர் மனத்தை வெல்ல முயன்றிலர். தம் ஆராய்ச்சியை விரிவான நூலாக அவர் வெளியிட்டது 1861 இலேயே. அதற்குப் பின்னர் எழுதிய பகிரங்கக் கடிதங்களில், தம்மை மறுத்த பேராசிரியர்களைக் கொலைஞர் என்றே சாடினார். தாய்மாரின் சாவைக் கண்டு கொதித்த உள்ளத்தின் சொற்கள் அவை, பிழையென்று தள்ளுதற்கில்லை. எனினும், இகழப்பட்டவன் இகழ்ந்தவனின் பக்கம் சேர்வதில்லை. மூன்றாவது, அம்முறை கைகளுக்கு வருத்தந் தருவது. குளோரீன் கரைசல் தோலை எரிக்கும். நான்காவது, நோய்க்கிருமி என்னும் கருத்து அக்காலத்தில் நிலைபெறவில்லை. கண்ணுக்குப் புலனாகாத ஒன்றுக்காக மக்கள் தம் வழக்கத்தை மாற்றவேண்டியிருந்தது.

நான்காம் குறை விரைவில் நீங்கிற்று. லூயி பாஸ்ரரின் ஆராய்ச்சிகளைத் தழுவி ஜோசப் லிஸ்ரர் 1867 இல் அறுவை வைத்தியத்திற் கிருமியொழிப்பு முறையை வெளியிட்டார். 1879 இல் பாஸ்ரரே பாரிஸ் நகரில் பிரசவக் காய்ச்சலின் கிருமியைச் சுட்டிக்காட்டினார். அறிவு வென்றது. செம்மல்வைஸ் பெரியாராகப் போற்றப்பட்டார். அவர் பெயர் பல்கலைக்கழகத்துக்கும் சூட்டப்பட்டது. அவர் வரலாறு வைத்திய மாணவர்க்கெல்லாம் கற்பிக்கப்பட்டது. ஆனால் கைகள் கழுவப்பட்டனவா?

ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 1994 ஆம் ஆண்டிற் செய்த கணிப்பு இவ்வினாவுக்கு விடை தந்தது. வைத்தியர் டிடியே பித்தேயும் அவர் குழுவினரும், கை கழுவவேண்டிய தருணங்கள் எத்தனை, அவற்றுட் கழுவப்பட்டவை எத்தனை என உடனிருந்து எண்ணினர். நூற்றுக்கு 48 தருணங்களிலேயே கைகள் தூய்மை செய்யப்பட்டன. உலகின் மிகச் செல்வமிக்க நாடொன்றில், கிருமியியலை ஐயந்திரிபறக் கற்றோர் நடுவே, பாதிக்கு மேற்பட்ட தருணங்கள் தவறவிடப்பட்டன. அதனினும் வியப்பானது மற்றொன்று: வேலை மிகுந்த இடங்களிலேயே தவறு மிகுந்தது. உயிருக்குப் போராடும் நோயாளரைப் பேணும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிலைமை மிகத் தாழ்ந்திருந்தது. எங்கே கைத்தூய்மை மிகவும் வேண்டப்பட்டதோ அங்கே அது மிகவும் குறைந்திருந்தது.

இதனைச் சோம்பல் என்று பழித்திருப்பின் அவ்வாராய்ச்சி அவ்வளவில் முடிந்திருக்கும். அவ்வாறு பழியாது அவர்கள் காலக் கணக்கைப் பார்த்தனர். தாதியொருவர் ஒரு மணி நேரத்தில் இருபது முறை கை கழுவவேண்டியுள்ளது எனக் கொள்க. கட்டிலருகிலிருந்து நீர்க்குழாய் வரை நடந்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் துடைத்து மீள்வதற்கு ஒருமுறைக்கு ஒன்றரை நிமிடம் செல்லுமாயின், அரைமணி நேரம் கை கழுவுதலிலேயே கழியும். எஞ்சிய அரைமணியில் அவர் நோயாளரைப் பேணுவது எங்ஙனம்? இருவேறு கடமைகள் ஒரே நேரத்தைக் கேட்டு நின்றன. தாதியர் நோயாளரின் கூப்பிடு குரலுக்குச் செவிசாய்த்தனர், கிருமியோ குரலெழுப்புவதில்லை. ஆகவே குற்றம் தனியொருவர் ஒழுக்கத்தில் மாத்திரமன்று, வேலை அமைக்கப்பட்ட முறையிலும் இருந்தது.

இவ்வுண்மை தெளிந்தபின் பரிகாரமும் தெளிவாயிற்று. பணியாளர் நீர்க்குழாயைத் தேடிச் செல்வதற்குப் பதிலாகத் தூய்மைப்பொருள் பணியாளரைத் தேடி வரலாயிற்று. மதுசாரம் கலந்த கைத்தேய்ப்பு நீர்மம் ஒவ்வொரு கட்டிலருகிலும் வைக்கப்பட்டது. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தக்க சிறு புட்டிகளும் வழங்கப்பட்டன. அதனைத் தேய்த்து உலரவிடுவதற்கு இருபது முதல் முப்பது விநாடிகள் போதும்; துடைப்புத்துணியும் வேண்டியதில்லை. அதிற் சேர்க்கப்படும் கிளிசரின் தோல் வறண்டு வெடியாவண்ணம் காக்கும். வியன்னாவின் குளோரீன் கரைசல் கைகளை வருத்தியது. ஜெனீவாவின் நீர்மம் கைகளைப் பேணியது. இவ்வேறுபாடு சிறிதன்று.

நீர்மத்தை வைத்ததோடு அவர்கள் அமையவில்லை. பணியாளர்களே கலந்து ஆக்கிய வேடிக்கைச் சித்திரங்களும் வாசகங்களும் சுவர்களில் ஒட்டப்பட்டு அடிக்கடி மாற்றப்பட்டன. மூன்றாண்டுகளாகக் கணிப்பு மீண்டும் மீண்டும் நடத்தப்பட்டு அதன் பெறுபேறு பணியாளருக்கு அறிவிக்கப்பட்டது. வைத்தியசாலையின் தலைமைப் பீடம் வெளிப்படையாக ஆதரவளித்தது. 1997 ஆம் ஆண்டின் இறுதியில் 48 வீதம் 66 வீதமாக உயர்ந்தது. வைத்தியசாலையிலேயே தொற்றுநோய் பெற்றிருந்தோர் தொகை 1994 இல் 16.9 வீதமாக இருந்தது. 1998 இல் 9.9 வீதமாகக் குறைந்தது. வேறு தடுப்பு முயற்சிகளும் அக்காலத்தில் நடைபெற்றமையால் இக்குறைவு முழுவதையும் கைத்தூய்மைக்கே உரியதாக்கல் இயலாது; ஆயினும் அதன் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. 2000 ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சி வெளியிடப்பட்டபின், பல நாடுகள் இம்முறையைத் தழுவின. உலக சுகாதார ஸ்தாபனம் 2005 இல் இதனை உலகளாவிய இயக்கமாக்கியது. 2009 முதல் ஆண்டுதோறும் மே மாதம் 5 ஆம் நாள் வைத்தியசாலைகளிற் கைத்தூய்மை நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

ஜெனீவாவின் பெறுபேற்றில் ஒரு குறையும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. தாதியரும் துணைத் தாதியரும் பெரிதும் முன்னேறினர். வைத்தியரோ முன்னிருந்த நிலையிலேயே பெரும்பாலும் நின்றனர். இது மேலோட்டமாக நோக்கத்தக்க செய்தியன்று. அமெரிக்க வைத்தியசாலையொன்றில் நிகழ்ந்து 2003 இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, தம்மினும் உயர்பதவியிலுள்ளவரோ உடன் பணியாற்றுபவரோ கை கழுவாது நிற்குமிடத்து ஏனையோரும் கழுவாது விடுகின்றனர் எனக் காட்டிற்று. சுவரிலொட்டிய கட்டளையைப் பணியாளர் ஒருமுறை வாசிப்பர். மேலதிகாரியின் கைகளையோ நாள்தோறும் வாசிப்பர். அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பது வைத்தியசாலைக்கும் பொருந்தும். தலைமைக்கு இயலாத ஒழுக்கத்தை ஊழியரிடம் வேண்டுதல் பயனற்றது.

எவ்வாறு சொல்லுதல் வேண்டும் என்பதும் எண்ணற்பாலது. 2011 இல் வெளிவந்த மற்றொரு அமெரிக்க ஆராய்ச்சியில், வைத்தியசாலையொன்றின் கை கழுவும் இடங்களில் இருவகை வாசகங்கள் வைக்கப்பட்டன. கைத்தூய்மை உங்களை நோயினின்றும் காக்கும் என்பது ஒன்று. கைத்தூய்மை நோயாளரைக் காக்கும் என்பது மற்றொன்று. தன்னலத்தைச் சுட்டிய வாசகத்தினாற் பயனேற்படவில்லை. நோயாளரைச் சுட்டிய வாசகம் இருந்த இடங்களிலேயே சவர்க்காரமும் நீர்மமும் மிகுதியாகச் செலவாயின. நாள்தோறும் நோயாளரிடையே நின்றும் நோயுறாதவர், தமக்கு ஒன்றும் நேராது என நம்புவது இயல்பு. பிறருக்குத் தம்மால் தீங்கு நேரும் என்ற எண்ணமோ நல்ல பணியாளரின் மனத்தைத் தொடுகின்றது. ஆகவே அச்சுறுத்தலிலும் கடமையுணர்வைத் தட்டியெழுப்புதலே வலியது என்க.

வேண்டுகோள் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். ‘அடிக்கடி கழுவுக’ என்பதில் எவ்வேளை என்பது இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் வைத்தியப் பணியாளருக்கு ஐந்து தருணங்களை வரையறுத்தது: நோயாளரைத் தொடுமுன், தூய கருமமொன்றைத் தொடங்குமுன், உடற்கசிவுகள் பட நேர்ந்தபின், நோயாளரைத் தொட்டபின், நோயாளரின் சூழலிலுள்ள பொருள்களைத் தொட்டபின். ஐவிரல்களைப்போல் ஐந்தாதலின் இவை மனத்தில் எளிதிற் பதிவன. கழுவும் முறையிலும் தெளிவு தேவை. உள்ளங்கை பெரும்பாலும் நன்கு தேய்க்கப்படுகின்றது. பெருவிரலும் விரல் நுனிகளும் விரலிடுக்குகளுமே தவறவிடப்படுகின்றன. கையுறை அணிந்தோர் கை கழுவவேண்டியதில்லை என்பதும் தவறான எண்ணம். கழற்றும்போது கை அழுக்குறலாம். கண்ணுக்குத் தெரியும் அழுக்குப் படிந்தவிடத்தும், மலங்கழித்த பின்னரும் மதுசாரம் போதாது; சவர்க்காரமும் நீருமே வேண்டும்.

இவை வைத்தியசாலைக்கு மாத்திரம் உரிய படிப்பினைகள் அல்ல. நியூ யோர்க் நகரச் செல்வர் இல்லங்களிற் சமையற்காரியாக இருந்த மேரி மலன் என்பவளின் கதை அதனை விளக்கும். தான் நோயுறாமலே நெருப்புக் காய்ச்சற் கிருமியைத் தாங்கியிருந்த அவளை 1907 இல் அதிகாரிகள் பிடித்துத் தீவொன்றிலே தனிமைப்படுத்தினர். இனிச் சமையல் செய்வதில்லை என்ற வாக்குறுதியின்மேல் 1910 இல் விடுவித்தனர். ஆடை வெளுக்கும் தொழிலிற் சமையலளவு கூலி கிடைக்கவில்லை. தன் உடலில் நோயுண்டு என்பதையும் அவள் நம்பவில்லை. 1915 இல், பெயரை மாற்றிக்கொண்டு, பிள்ளைப்பேற்று வைத்தியசாலையொன்றிலேயே சமையல் செய்துகொண்டிருந்தாள். அங்கு 25 பேர் நோயுற்று இருவர் இறந்தனர். எஞ்சிய வாழ்நாளை, 1938 இல் இறக்கும்வரை, அவள் அத்தீவிலேயே கழித்தாள். அவள் செயல் நியாயமாகாது. ஆயினும், பிழைப்புக்கு வழிசெய்யாது கட்டளை மாத்திரம் இடுவோர் அதன் முடிவையும் எதிர்பார்க்கவேண்டும். வயிற்றோட்டமுற்ற உணவகப் பணியாளர் ஒருநாள் வீட்டில் நின்றால் அந்நாட் கூலியை இழப்பாரெனின், அவர் நோயுடனே வேலைக்கு வருவார். கூலியுடன் கூடிய நோய்விடுப்பும் கைத்தூய்மையின் ஒரு பகுதியே.

2020 ஆம் ஆண்டிற் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது உலகெங்கும் அலுவலக வாயில்களிலும் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் கை கழுவும் ஏற்பாடுகள் தோன்றின. அச்சம் நிலவியவரை மக்கள் தாமாகவே கழுவினர். அச்சம் பிறப்பிக்கும் ஒழுக்கம் அச்சத்தோடே நீங்குவது. கண்காணிப்பின் இயல்பும் அத்தகையதே. பார்ப்போர் உள்ளபோது கழுவுவோர் தொகை உயர்வதும், அவர் அகன்றபின் தாழ்வதும் ஆராய்ச்சியாளர் பலமுறை கண்ட உண்மை. நிலைத்த ஒழுக்கம் வழக்கத்தினாலேயே அமைவது. வழக்கமோ எளிமையினால் அமைவது. பணியிடத்திலிருந்து சில அடி தூரத்துள் நீர்க்குழாய், ஒருபோதும் ஒழியாத சவர்க்காரம், ஈரம் துடைக்கத் தூய துணியோ தாளோ, கழுவுதற்குரிய நேரத்தை உள்ளடக்கிய வேலைக்கணக்கு, முதலிற் கழுவிக்காட்டும் மேலதிகாரி, குற்றஞ்சாட்டாது பெறுபேற்றை எடுத்துரைக்கும் அறிக்கை என்னும் இவை ஒருங்கே அமைந்தாலன்றி, ‘கை கழுவுக’ என்னும் பலகை சுவருக்கு அலங்காரமாகவே முடியும். நீர் வராத குழாயின்மேல் தொங்கும் அப்பலகை, அலங்காரமுமன்று; பணியாளரை எள்ளி நகையாடுவதாகும்.

வியன்னாவும் ஜெனீவாவும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. தூய கை உயிர் காக்கும் என்பதை வியன்னா நிறுவியது. அறிந்தமையால் மாத்திரம் கை தூயதாகாது என்பதை ஜெனீவா நிறுவியது. 1846 இல் ஒரே பிரிவில் 459 தாய்மார் மாண்டனர். 1848 இல் 45 பேர். இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட உயிர்களே கைத்தூய்மையின் விலை. அவ்விலையை அறிந்தவர் ஒருவர் இருந்தும், அவர் சொல் ஏனையோர் மனத்திற் புகாமையால், அவர் இறந்த பின்னரும் நெடுங்காலம் தாய்மார் மாண்டனர். உண்மையைக் காண்பதோடு அறிஞன் கடமை தீர்வதில்லை. அதனைப் பிறர் செய்தற்கு எளிதாகவும், ஏற்றற்கு இனிதாகவும் அமைத்தலும் கடமையேயாம்.

தமிழில் ஒருவரைக் கைகழுவிவிடுதல் என்பது, இனி அவர்க்கும் தமக்கும் தொடர்பில்லை என விலகுதலைக் குறிக்கும். தொழிலிடத்திற் கை கழுவுதலோ அதற்கு நேர்மாறான பொருளுடையது. அடுத்த கட்டிலிற் கிடப்பவரும், அடுத்த இலையில் உண்பவரும், அடுத்து அக்கதவைத் திறப்பவரும் தம் பொறுப்பிலுள்ளோர் என ஒருவர் வாய்திறவாது கூறும் சொல் அதுவாகும்.